முதல் டிராக்குக்கு முன்னால்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்படித்தானே தொடங்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது என்று மின்னஞ்சலுக்கு மாறினோம். இதில் ஒரு வசதி, நான் விடும் பெருமூச்சு உனக்குக் கேட்காது.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். பக்கவாதம் வந்து இந்த மாதத்தோடு நான்கு வருடம். நாம் பேசுவதெல்லாம் புரிகிறது, இடது கை அசைகிறது, பேச்சுதான் வரவில்லை. புதிதாக ஒரு பேச்சுப் பயிற்சியாளர் வாரம் இரண்டு நாள் வருகிறார். "உதட்டை மூடித் திறக்கிற எழுத்தெல்லாம் முதல்ல பழகட்டும்மா. அவர் குரலையே பழைய ரெக்கார்டிங் ஏதாவது இருந்தா தினமும் போட்டுக் காட்டுங்க. கூடவே சொல்லணும்னு தோணும்" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மறுநாள் ஒலிநூலகத்திலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. பார்வையற்ற பிள்ளைகளுக்காக அப்பா வாசித்துக் கொடுத்த பாடப்புத்தகங்கள், ஐம்பத்தெட்டு சிடி. அங்கே இப்போது சிடி போடுகிற கருவியே இல்லையாம். கோப்புகளாக மாற்றி அனுப்பினால் வைத்துக்கொள்வார்களாம், இல்லாவிட்டால் அவர்களிடம் வேறு பிரதி கிடையாது. உன் கையெழுத்தில் எண் போட்ட உறைகளைப் பார்த்ததும் அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

நீ விட்டுப் போன லினக்ஸ் கணினியை மாடிப்படிக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டுத் துடைத்து, சிடியைப் போட்டேன். 'அனுமதி இல்லை' என்கிறது. என் வீட்டில், என் மேசையில், எனக்கு அனுமதி இல்லையாம். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நீ பாட்டுக்கு நாலு பக்கம் எழுதி உயிரை வாங்காதே.

உன் தங்கை,
சுண்டு

*

பிப்ரவரி 6

என் அன்புச் சுண்டுவுக்கு,

நாலு பக்கம் இல்லை, மூன்றுதான். தட்ட வேண்டிய கமாண்டுகளைத் தனிக் கோப்பாக இணைத்திருக்கிறேன். ஏன் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். காரணம் தெரியாமல் எதையும் செய்ய மாட்டாய் நீ.

அனுமதி விஷயம் அற்பம். அந்தக் கணினியில் சிடி டிரைவைத் தொடக்கூடியவர்கள் என்று ஒரு குழு இருக்கிறது. அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது. உன் பெயரையும் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வா. வெளியேறாமல் உட்கார்ந்தபடியே முயன்றுவிட்டு என்னைத் திட்டாதே. சிடியைப் போட்டதும் தானாகப் பாடத் தொடங்குகிற வசதியையும் அணைத்துவிடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் டிரைவைப் பிடித்து இழுத்தால் அது யாருக்கும் ஒழுங்காகப் படிக்காது.

படித்து எடுக்கிற நிரல் ஒரு சந்தேகப் பிராணி. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, இரண்டு தடவை ஒரே மாதிரி வந்தால்தான் நம்பும். டிரைவ் இருக்கிறதே, அது சரியான சோம்பேறி. 'மறுபடி படி' என்றால், ஏற்கெனவே படித்து நினைவில் வைத்திருந்ததையே ஒப்பித்துவிட்டுப் படித்த மாதிரி நடிக்கும். அந்தப் பித்தலாட்டத்தை முறியடிக்கவும் ஒரு கமாண்ட் வைத்திருக்கிறேன். வேகத்தை நாலுக்கு மேல் ஏற்றாதே. ஒரு சிடிக்கு அரை மணி, கீறல் இருந்தால் இரண்டு மணி ஆகும்.

பிறகு ஆஃப்செட். ஒவ்வொரு டிரைவும் சொன்ன இடத்தில் படிக்கத் தொடங்காது, இம்மி முன்னே பின்னே தொடங்கும். இந்த டிரைவில்தான் நான் அத்தனையும் எழுதினேன், அப்போதே அளந்தும் வைத்திருக்கிறேன். கூட்டல் அறுநூற்று அறுபத்தேழு. கழித்தல் இல்லை, கூட்டல்.

இனி ஒரு ரகசியம். சிடியில் முதல் டிராக்குக்கு முன்னால் ஒரு வெற்றிடம் விடலாம். எந்தக் கருவியும் அதைத் தாண்டிக் குதித்து முதல் டிராக்கில்தான் போய் நிற்கும். அப்பா வாசிப்பதற்கு முன் செருமுவது, மைக்கைத் தட்டுவது, என்னோடு பேசுவது எல்லாவற்றையும் வெட்டி எறிய மனசில்லாமல் நான் அந்த வெற்றிடத்தில் ஒளித்து வைத்தேன். நூலகத்தில் யாருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. சுழியத்திலிருந்து எடு என்று நிரலிடம் சொல். பாடத்தைவிட அதுதான் அப்பா.

நாற்பத்தொன்றாம் எண்ணை மட்டும் விட்டுவிடு. அது அப்போதே ஏகப்பட்ட கீறல். வீணாக நேரம் போகும்.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதினாறு முடிந்திருக்கிறது. குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டு, வெளியேறாமலே முயன்று, உன்னைத் திட்டிவிட்டு, பிறகு வெளியேறி வந்தேன். பழக்கமாகிவிட்டது. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு ஒரு சிடி, அரைத்த உணவை ஊட்டிவிட்டு ஒரு சிடி, துணி துவைத்துப் போட்டுவிட்டு ஒரு சிடி. டிரைவ் கர்கர் என்று ஒரே இடத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அதற்காவது உன் சந்தேகப் பிராணிக்கு நன்றி.

ஒளித்து வைத்ததைக் கேட்டேன். ஏழாவதில் அப்பா மைக்கிடம், "டேய், நீ கேக்கறியா இல்லையாடா?" என்கிறார். பத்தில் பாடப்புத்தகத்தில் ஓர் அச்சுப்பிழையைப் பார்த்துவிட்டு மெய்ப்பு பார்த்தவரை நாலு நிமிடம் கிழிக்கிறார். "இவனெல்லாம் கண்ணைக் கழட்டி வச்சுட்டுத்தான் வேலை பாத்தானா?" என்கிறார். தானும் அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்பு பார்த்தவர் என்கிற திமிர். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். தோள் குலுங்கியது. சிரித்தாரென்று கண்டுபிடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் சிரித்து இரண்டு வருடமாகிறது அக்கா. மாடி வீட்டு டெய்லரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உன் மேல் கோபமும் வந்தது. அறுநூற்று அறுபத்தேழு என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நொடியில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அது தப்பிவிடக்கூடாது என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். நான் நான்கு வருடமாக ஒரு முழு இரவு தூங்கவில்லை, அதற்கு நீ அரைப் பத்தி எழுதியது கிடையாது. அப்பா விழுந்தபோது பன்னிரண்டு நாள் வந்து போனாய். அதற்குப் பிறகு கமாண்டுகள்தான் வருகின்றன.

சண்டைக்கு இழுக்கவில்லை. அப்பாவுக்காக நகராட்சி ஆய்வகத்து வேலையை விட்ட பிறகு எனக்கு என் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான். ஏப்ரலில் இரண்டு வாரம் வா. ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்க ஆசையாக இருக்கிறது.

சுண்டு

*

மார்ச் 1

அன்புச் சுண்டு,

நீ அனுப்பிய கோப்புகளைக் கேட்டேன். பன்னிரண்டில் மூன்று இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். அவசரத்தில் சந்தேகத்தை அணைத்துவிட்டு எடுத்திருக்கிறாய், மறைக்காதே. மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடை, வட்டமாகத் துடைக்காதே. பிறகு மறுபடி எடு.

ஏப்ரல் கஷ்டம். எங்கள் சர்வர் அறையை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். என்னைத் தவிர எந்த வயர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. நானும் இங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, சுண்டு. வீட்டுக்கு வந்தால் குளிர்பெட்டியைத் திறந்து நின்றபடியே எதையாவது தின்றுவிட்டு விழுகிறேன். வருட முடிவில் பார்க்கலாம். அங்கே வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடட்டுமா?

அப்பா சிரித்தார் என்று படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதேன்.

நாற்பத்தொன்றில் நேரத்தை வீணாக்காதே என்று சொன்னது நினைவிருக்கிறதல்லவா?

அக்கா

*

மார்ச் 15

அக்காவுக்கு,

ஐம்பத்தேழு முடிந்ததும் ஒன்றே ஒன்று விடுபட்டு நிற்பது எனக்கு உறுத்தியது. உனக்கு ஒரு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வருட முடிவில் வருகிறவளுக்கு ஐம்பத்தெட்டையும் முழுசாக வைத்திருக்கலாம் என்று. நாற்பத்தொன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. டிரைவில் போட்டேன். ஒரு இடத்தில்கூட மறுபடி படிக்கவில்லை. சந்தேகப் பிராணிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மொத்தம் ஐம்பத்தெட்டில் சுத்தமாக வந்தது இது ஒன்றுதான்.

நீ சொல்லிக்கொடுத்தபடியே சுழியத்திலிருந்து எடுத்தேன். அதில் இருப்பதை எழுதுகிறேன். நீ மறந்திருக்கலாமே.

"அப்பா, சின்னவ லெட்டரை எங்க வச்சீங்க?"

"பத்திரமா இருக்கு."

"இன்னைக்காவது குடுத்துடுங்கப்பா. பதினஞ்சாம் தேதிக்குள்ள பதில் போடணும்னு போட்டிருக்கு."

"குடுத்தா அவளும் போயிடுவா."

"அப்பா..."

"ரெண்டு பேரும் போயிட்டா நான் இந்தச் செவுத்தோட பேசவா? உனக்கு டிக்கெட் வந்தாச்சு, நீ முதல்ல போ. அவளுக்கு இங்கயே ஏதாவது கிடைக்கும். என்ன, நான் சொல்றது?"

பிறகு ஒன்றும் இல்லை. பிறகு நீ. "சரிப்பா. மைக் ஆன்ல இருக்கு. ஆரம்பிக்கலாமா?"

பிறகு அப்பா செருமிக்கொண்டு, பாடம் ஒன்பது, மண் வகைகள்.

துறைமுகத்துக் கடல்நீர் ஆய்வகத்துக்கு நான் தேர்வு எழுதி, நேர்காணலுக்கும் போய் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது உனக்குத் தெரியும். தினமும் தபால்காரரை வாசலில் மடக்கினேன். அவர் என்னைக் கண்டாலே தெரு மாறிப் போக ஆரம்பித்தார். 'உன்னை வேண்டாம்னுட்டாங்க போல, விடு' என்று என் தலையைத் தடவியது நீ. நானும் என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று பதினோரு வருடம் நம்பினேன். பிறகு வேறு எதற்கும் விண்ணப்பம் போடவே எனக்குக் கை வரவில்லை. நகராட்சித் தண்ணீர் ஆய்வகம்கூட அவர்களாகக் கூப்பிட்டதுதான்.

அப்பாவுக்கும் அதைப் போட்டுக் காட்டினேன். காட்டியிருக்கக்கூடாதோ என்னவோ. முடியாத மனிதரிடம் பழிவாங்குகிற மாதிரி இருந்தது. முழுதும் கேட்டார். கண்ணிலிருந்து காதுக்குள் வழிந்தது, துடைத்துவிட்டேன். இடது கையை நீட்டி அலமாரியைக் காட்டினார். எது எது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கடைசியில் அவருடைய பெரிய அகராதி. உள்ளே அந்த வேலைக் கடிதம் இருந்தது. பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

அப்பா பயந்தார். அம்மா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை அப்போது. பயந்தவரோடு நான் என்ன சண்டை போட? ஆனால் நீ பயப்படவில்லை. 'என்ன, நான் சொல்றது'க்கும் உன் 'சரிப்பா'வுக்கும் நடுவில் ஒன்பது நொடி இருக்கிறது. அளந்து பார்த்தேன். நீ பதினைந்து மில்லி நொடிக்குப் பத்தி எழுதுகிறவள். அந்த ஒன்பது நொடியில் என்ன நினைத்தாய்?

கத்தலாம் என்று பார்த்தேன். தெம்பில்லை.

தங்கை

*

மார்ச் 16

சுண்டு,

இரண்டு பேரில் ஒருத்தி இருந்தாக வேண்டும், அது நானாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். ஒன்பது நொடியும் அதைத்தான் நினைத்தேன். சப்பைக்கட்டு எதுவும் கட்டப் போவதில்லை.

அன்றைக்கு அந்தப் பேச்சை அழித்திருக்கலாம். ஒரு பொத்தான்தான். உனக்குச் செய்ததையே மறுபடி செய்கிற மாதிரி இருந்தது. உன்னிடம் சொல்லவும் தைரியமில்லை. அதனால் யாரும் தேடாத இடத்தில் வைத்தேன். நகராட்சியில் உனக்கு வேலை கிடைத்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அப்பா விழுந்த பிறகு உன் குரலைக் கேட்டாலே எனக்கு அந்த 'சரிப்பா' கேட்கும். போனில் சண்டையை ஆரம்பிப்பது எப்போதும் நான்தான், கவனித்திருக்கிறாயா? எப்படியாவது போனை வைக்க வேண்டும் எனக்கு.

கீறல் என்று சொன்னால் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். உன்னை எனக்குத் தெரியவில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

*

மார்ச் 24

சுண்டு,

எட்டு நாளாக ஒரு வரி இல்லை. டெய்லரம்மாவுக்குப் போன் போட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க, மொட்டை மாடியில உக்காந்து ஏதோ எழுதிட்டிருக்காங்க" என்றார்.

சர்வர் அறையின் வயர்களை எல்லாம் படம் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் பத்தாம் தேதி காலையில் வீட்டில் இருப்பேன். திரும்பப் போகும் டிக்கெட் எடுக்கவில்லை. வராதே என்று நீ சொன்னாலும் வருவேன்.

அக்கா

*

ஏப்ரல் 10
சாப்பாட்டு மேசை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இதைப் படிக்கும்போது நான் ரயிலில் இருப்பேன். பயப்படாதே, நீ வருகிற வரைக்கும் டெய்லரம்மா அப்பாவோடு இருப்பார். அவருக்கு ஒரு நன்றி சொல், தைக்க வேண்டிய துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது.

அந்தத் துறைமுகத்து ஆய்வகத்துக்கு, பழைய கடிதத்தின் படத்தை இணைத்து, 'தங்கள் கடிதத்துக்குத் தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும்' என்று எழுதினேன். சும்மா ஒரு குசும்புக்குத்தான் எழுதினேன். இப்போதைய தலைவி மறுநாளே பதில் போட்டார். நிரந்தர இடம் இல்லையாம். மூன்று மாதம் படகில் போய் நீர் மாதிரிகள் எடுத்துவர ஆள் வேண்டுமாம், வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று எழுதிவிட்டேன்.

இனி உனக்குத் தெரிய வேண்டியவை. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வை, முதலில் இடது பக்கம். வலது தோளுக்கு அடியில் கை கொடுக்காமல் இழுத்தால் வலிக்கும், வலித்தாலும் காட்டிக்கொள்ள மாட்டார். ஊட்டும்போது அரைக் கரண்டி, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்த பிறகு அடுத்தது. சில நாள் விழுங்கின மாதிரி நடித்துவிட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார், அதனால் வாயைத் திறந்து காட்டச் சொல். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேகத்தைக் குறை, கட்டாயப்படுத்தாதே, பத்து நிமிடம் கழித்து மறுபடி முயன்று பார். மாத்திரைகளுக்கு நேரம் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கட்டிலை ஒரு தட்டு தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் உள்ளாடை மாற்ற வேண்டும், தட்டிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்று அர்த்தம். காரணமெல்லாம் எழுதவில்லை. உனக்கே போகப் போகத் தெரியும்.

ஐம்பத்தெட்டையும் நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பன்னிரண்டை மறுபடி எடுத்தேன், இப்போது டிக் சத்தம் இல்லை. எல்லாவற்றையும் முதல் டிராக்கிலிருந்துதான் அனுப்பினேன். அதற்கு முன்னால் இருப்பது நம் வீட்டு விஷயம், அது கணினியிலேயே இருக்கிறது. அப்பாவுக்குக் காலையில் ஏழாவதைப் போடு, சிரிப்பார். நாற்பத்தொன்றைப் போடாதே. அதைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதே.

கோபம் தீர்ந்ததும் எழுதுகிறேன். தீராவிட்டாலும் எழுதுகிறேன். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருவேனா என்று இப்போது கேட்காதே. நீ போனபோது நாங்களும் கேட்கவில்லை.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டிலைத் தட்டவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அப்பா, நான் போகட்டுமா?" என்றேன். உதட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த மாதிரியே நெற்றியெல்லாம் வியர்த்து முயன்றுகொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் "போ" என்றார்.

நான்கு வருடத்தில் முதல் சொல். மைக் எதுவும் ஆனில் இல்லை. நான் மட்டும்தான் கேட்டேன்.

சுண்டு